தம்பியின் தலை அளவும், அப்பாயி மறைத்து வைத்திருந்த ஒரு பிள்ளையும்

பாமணிக்கரை (மன்னார்குடி பக்கம்):

தலை சிறுத்துப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி இங்கே பேச்சு வந்ததால் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

தம்பிக்கு 24 வயது. கூப்பிட்டால் சிரிப்பான். பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான். சோறு பிசைந்து ஊட்ட வேண்டும். அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. அதனால் அப்பாயிக்கு அம்மா மருமகள் மட்டுமில்லை, மகள் வயிற்றுப் பேத்தியும்கூட. அந்தப் பேத்தியைத்தான் இருபது வருஷமாக, “கிரகணத்தன்னைக்குக் கொல்லைப்பக்கம் போனே, புள்ளைக்கு மண்டை சுருங்கிருச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அவரும் அதை நம்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூளை வளர்ச்சிக்கான மரபணுக்களை ஆராய்கிற ஒரு மேடம், தம்பியைப் பார்க்கும் டாக்டர் மூலமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குறுவை அறுப்பு நேரம், வாசலெல்லாம் நெல். இன்ச் டேப்பைப் புருவத்துக்கு மேலே வைத்துப் பின்மண்டை மேட்டைச் சுற்றி மூன்று தடவை அளந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தம்பியிடம் டேப்பைக் கொடுத்து விளையாட விட்டுத்தான் திரும்ப வாங்கினார்கள். அது ஒன்றுக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

பிறகு ஒரு பெரிய தாளை விரித்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவே இரட்டைக் கோடு. அப்பாயி ஐந்து தலைமுறையை மளமளவென்று ஒப்பித்தார். “வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்றார். மேடம் காபி குடித்து முடித்து, எங்கள் ரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போதுதான் அப்பாயி வாய் திறந்தார்.

“ஆயி, எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் இருந்தான். தலை சின்னது. ஆறு வயசுல போயிட்டான். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிருச்சு.”

மேடம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் திரும்ப விரித்தார்கள். அப்பாயிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டு, உள்ளே கறுப்பு மை தீட்டினார்கள்.

பத்து மாதம் கழித்து முடிவு வந்தது. ஏஎஸ்பிஎம் என்ற மரபணு. தலை சிறுத்துப் பிறக்கும் பரம்பரைக் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுதானாம். 2002-இல் இதைக் கண்டுபிடித்ததும், நம்மைப் போலச் சொந்தத்திலேயே பெண் எடுக்கிற பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்களை வைத்துத்தான். கருவில் மூளையின் தாய்ச் செல்கள் முதலில் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக வேண்டும். அந்தப் பிரிவு நேராக நடக்க ஏஎஸ்பிஎம் வேண்டும். அது கெட்டால் தாய்ச் செல்களின் கூட்டம் பெருகாது, மூளையும் சிறுத்துவிடும். ஆளுக்கு இரண்டு பிரதி இருக்கிற இந்த மரபணுவில் அப்பாவிடம் ஒரு பிரதி கெட்டது, அம்மாவிடம் ஒன்று. இன்னொரு பிரதி நன்றாக இருந்ததால் இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை. இரண்டு கெட்ட பிரதியும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

“அப்போ கிரகணம் இல்லையா?” என்று அம்மா கேட்டார்.

“இல்லைம்மா. உங்க புள்ள கருவான அன்னைக்கே இது முடிவாயிருச்சு. அதுக்கப்புறம் நீங்க செஞ்ச எதனாலயும் வரலை. இப்படிக் கெட்டுப்போன மரபணு எல்லார்கிட்டயும் சிலது இருக்கு, எங்கிட்டயும் இருக்கும்.”

அன்று ராத்திரி அப்பாயி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எங்க வழியாத்தாண்டி வந்திருக்கு” என்றார். கல்யாணமான நாளிலிருந்து ‘அத்தை’ என்றே கூப்பிட்டுவந்த அம்மா, “எந்த வழியா வந்தா என்ன அம்மாச்சி, படு” என்றார்.

எனக்கு நோய் இல்லை. ஆனாலும் ஒரு கெட்ட பிரதி இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றார்கள். பரிசோதித்ததில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லித்தான் நிச்சயம் செய்தோம், அவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். சொந்தத்தில் கட்டாதே என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கை மட்டும் புரியவைத்தார்கள்.

குடந்தை மாணவன்:

அக்கா, படித்ததும் எங்கப்பா ஞாபகம் வந்தது. சென்னை ஐஐடியின் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்று கருவின் மூளைப் படங்களை வெளியிட்டது. நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரையான ஐந்து கருக்களின் மூளை, மெல்லிசாகச் சீவிய 5,132 வெட்டுகள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதை அப்பாவுக்குக் காட்டினேன். மூளைக்குள் இருக்கும் குழியின் சுவரை ஒட்டிச் செல்கள் கருகருவென்று நெருங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “இது நாத்தங்காலு” என்றார். நிஜமாகவே அங்கே பிறந்த செல்கள்தான் கிளம்பி வெளிப்பக்கம் போய் நடப்படுகின்றன. ஆனால் பிந்திப் பிறந்தது முந்தி நட்டதைத் தாண்டிப் போய் அதற்கும் மேலே உட்காரும் என்றதும், ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டார். “நடவாளுங்க பின்னால நகர்ந்துதானடா நடுவாங்க, இது நட்டதுக்கு நடுவுல மிதிக்காமப் போவுதே” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலங்கைமான் அம்மா:

என் மகளுக்கும் தலை அளவு குறைவு என்றார்கள். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மரபணு தெரிந்ததால் உங்கள் தம்பிக்கு என்ன கிடைத்தது?

பாமணிக்கரை:

தப்பே இல்லை அக்கா, நானும் இதையேதான் கேட்டேன். மருந்து இல்லை, மூளையைத் திரும்ப வளர்க்க முடியாது என்று நேராகச் சொன்னார்கள். ஆனால் வலிப்பு வரலாம், வந்தால் உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடரச் சொன்னார்கள். தலை சிறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, கர்ப்பத்தில் வந்த தொற்றாகவும் இருக்கலாம். அதனால் ரத்தம் கொடுக்கும் முன் உங்கள் டாக்டரிடம் மரபணு ஆலோசகர் யார் என்று கேளுங்கள். போகும்போது வீட்டில் இருக்கிற வயசானவர்களையும் அழைத்துப் போங்கள்.