பியூரின் ‘மீட்பு’: ஒரு நொதிக்கும் அதன் குறைபாட்டுக்கும் ஏற்ற சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலங்களில் உள்ள காரங்களில் ஒருவகை பியூரின். அதன் வளர்சிதை மாற்றத்தில், சிதைவில் வெளிப்படும் காரங்களை வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்தும் ‘சால்வேஜ் பாதை’க்கு, நம் கலைச்சொல் விவாதத்தில் மறுசுழற்சி, மீள்தொகுப்பு, மீட்பு ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘மீட்பு’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. அந்தப் பாதையை நடத்தும் ஒரு நொதி செய்யும் வேலையை வைத்தே அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

உயிரணுவில் நியூக்ளிக் அமிலங்களும் அவற்றின் அலகுகளான நியூக்ளியோடைடுகளும் சிதையும்போது ஹைப்போசாந்தைன், குவானின் என்னும் காரங்கள் வெளிப்படுகின்றன. அவற்றை அப்படியே விட்டால் சாந்தைனாகவும், பின்னர் யூரிக் அமிலமாகவும் மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும். ஹைப்போசாந்தைன்-குவானின் பாஸ்போரிபோசில் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி இடையில் புகுந்து, பாஸ்போரிபோசில் பைரோபாஸ்பேட்டிலிருந்து சர்க்கரை-பாஸ்பேட் பகுதியை எடுத்து அந்தக் காரங்களோடு இணைத்து, முறையே இனோசின் மோனோபாஸ்பேட்டாகவும் குவனோசின் மோனோபாஸ்பேட்டாகவும் ஆக்கித் தருகிறது. இந்த மாற்றம் முழுவதிலும் பியூரின் வளையம் உடைவதே இல்லை. ‘மறுசுழற்சி’ என்றால் பொருளை உருக்கி வேறொன்றாக வார்ப்பது போன்ற எண்ணம் எழுகிறது. தவிரவும், உயிர்வேதியியலில் ‘சுழற்சி’ என்பது சிட்ரிக் அமிலச் சுழற்சி போல, தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வினைத்தொடரைக் குறிக்க நிலைபெற்றுவிட்ட சொல். அடகு வைத்த நகையை மீட்டால் அதே நகைதான் கைக்கு வருகிறது. ஆநிரை மீட்டல் என்பதிலும் பகைவர் கவர்ந்து சென்ற அதே பசுக்கள்தாம் திரும்புகின்றன. கழிவாகப் போகவிருந்த அதே வளையத்தை நொதி கைப்பற்றித் தருவதை இதைவிடச் சரியாகச் சொல்லும் வினை தமிழில் எனக்குத் தென்படவில்லை.

‘மீட்சி’ என்று வைத்தாலென்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். மீள் என்ற தன்வினையிலிருந்து மீட்சியும், மீட் என்ற பிறவினையிலிருந்து மீட்பும் பிறக்கின்றன. காரம் தானாக மீள்வதில்லை. நொதிதான் அதை மீட்கிறது. ஆகவே பிறவினைப் பெயரே வேண்டும்.

‘மீள்தொகுப்பு’ நல்ல முயற்சிதான், ஆனால் அதை எதிர்ப்பாதையின் பெயரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பியூரினை அடியிலிருந்து கட்டும் பாதை, பாஸ்போரிபோசில் பைரோபாஸ்பேட்டில் தொடங்கி 10 படிகளில், மிகுந்த ஆற்றல் செலவில் இனோசின் மோனோபாஸ்பேட்டை அடைகிறது. அதைப் ‘புதுத்தொகுப்பு’ என்கிறோம். நொதி இல்லாதபோது நேர்வதை இப்போது எழுதிப் பார்ப்போம்: “மீட்பு நின்றுவிடுவதால் பாஸ்போரிபோசில் பைரோபாஸ்பேட் தேங்குகிறது, புதுத்தொகுப்பை அடக்கிவைக்கும் நியூக்ளியோடைடுகளும் குறைகின்றன, எனவே புதுத்தொகுப்பு கட்டுமீறிப் பெருகி, மீட்கப்படாத காரங்களோடு சேர்ந்து யூரிக் அமிலத்தைக் குவிக்கிறது.” இவ்வாக்கியத்தில் மீட்பு என்ற இடத்தில் மீள்தொகுப்பைப் பெய்தால், ஒரு தொகுப்பு நின்றதால் இன்னொரு தொகுப்பு பெருகியது என்றாகி, மாணவர் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும். வேறொரு வாக்கியத்திலும் சோதித்தேன்: “மலேரியா ஒட்டுண்ணியால் பியூரினைப் புதுத்தொகுப்பால் ஆக்க இயலாது, ஓம்புயிரிடமிருந்து பெறும் காரங்களை மீட்டே அது வாழ்கிறது.” இங்கும் வினையாக இயல்பாய் வளைந்து கொடுக்கிறது.

ஓர் எதிர்ப்பை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். ‘மீட்பு’ என்பதற்கு நோயிலிருந்து, துன்பத்திலிருந்து விடுவித்தல் என்ற பொருளும் உண்டு. பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் ‘மீட்புக் குறைபாடு’ என்று படிக்கும் தாய், தன் குழந்தைக்கு மீட்பே இல்லை என்று எழுதியிருப்பதாகக் கருதக்கூடும். ஆகவே ‘பியூரின் மீட்பு’ என்ற தொடரை எங்கும் சுருக்காமல் எழுத வேண்டும் என்று விதியே செய்துவிடலாம்.

குறைபாடு என்ற சொல்லுக்கு வருகிறேன். 1964-இல் மைக்கேல் லெஷ், வில்லியம் நைஹன் ஆகியோர் விவரித்த நோய்த்தொகுதியில் நொதியின் செயல் ஏறத்தாழ முற்றிலும் இல்லை. நோய்க்கு இந்த நொதி இயங்காமையே காரணம் என்பது 1967-இல் தெரியவந்தது. கெல்லி-சீக்மில்லர் நோய்த்தொகுதியில் ஓரளவு செயல் எஞ்சியிருப்பதால் கீல்வாதமும் சிறுநீரகக் கற்களுமே முதன்மையாகத் தோன்றுகின்றன. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, முன்னால் அடைமொழி சேர்க்கிறது. நமக்கோ இன்மை, குறை என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே உள்ளன. புரதம் இருந்தும் இயங்காதிருக்கலாம் என்பதால் முதலாவதைச் ‘செயலின்மை’ என்றும், இரண்டாவதைச் ‘செயற்குறை’ என்றும் சொல்லி, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகள் உட்பட அனைத்துக்கும் பொதுவாகக் ‘குறைபாடு’ என்பதை வைத்துக்கொள்ளலாம்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது அடுத்த சொல். செயலின்மையுடைய குழந்தையின் அணையாடையில் செம்மஞ்சள் மணல்போல் யூரிக் அமிலப் படிகங்கள் படிவது முதல் அறிகுறியாக இருக்கலாம். பின்னர் தசைகள் முறுக்கிக்கொண்டு உடல் தன்வசமின்றி இயங்குகிறது; பல் முளைத்த பிறகு குழந்தை தன் உதட்டையும் விரல்களையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறது. இதற்குக் கலைச்சொல் வரைவு ஒன்றில் ‘தன்வதை’ என்று கண்டேன். இது கூடவே கூடாது. இக்குழந்தைகளுக்கு வலி உறைக்கிறது. கடிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவதில்லை. கைகளைக் கட்டிவைக்கும்படி அவர்களே கேட்கிறார்கள், கட்டை அவிழ்த்தால் அஞ்சி அழுகிறார்கள். வதை என்ற சொல்லில் வதைப்பவரின் எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தற்காப்பு போலத் ‘தற்காயம்’ என்று புணர்த்தி, ‘கட்டுமீறிய தற்காயம்’ என்று எழுதினால் நேர்வது மட்டும் சொல்லப்படும், பழி யார்மீதும் விழாது. அலோபியூரினால் என்னும் மருந்து யூரிக் அமிலத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கிறது என்றாலும் இந்த நடத்தையை மாற்றுவதில்லை என்பதையும் அச்சொல்லுக்கான கலைச்சொல் பதிவில் சேர்க்க வேண்டும்.

இதே அக்கறையோடு, மாற்றமுற்ற மரபணுவைக் கொண்ட தாயைக் குறிக்கும் ‘நோய் கடத்தி’ என்பதையும் விலக்க வேண்டுகிறேன். மரபணு எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. மாற்றமுற்ற மரபணுவைத் தாயிடமிருந்து பெற்றிருக்கலாம், அல்லது அம்மாற்றம் புதிதாகவும் தோன்றியிருக்கலாம். தாயை மரபணுத் ‘தாங்குநர்’ என்றால் போதும்.

நொதியின் முழுப்பெயரை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே வைக்கலாம். ‘பியூரின் மீட்பு நொதி’ என்று மட்டும் சொன்னால் அடினினை மீட்கும் மற்றொரு நொதியும் அதில் அடங்கிவிடும்; அதன் குறைபாடோ முற்றிலும் வேறுவகைக் கற்களைத் தருவது. டிரான்ஸ்ஃபரேஸ் என்பது ஒரு பெருவகுப்பின் பெயர் என்பதால், அதற்கான தமிழ்ச்சொல்லை ஏனைய நொதி வகுப்புப் பெயர்களோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த விவாதத்தைத் தனி இழையாகத் தொடங்கலாமா?