வேலை மயிலாப்பூரில், வீடு பெரும்பாக்கத்தில்

எங்கள் பகுதியில் அரசு விண்ணப்பம் எழுத யாருக்காவது ஆள் வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். கொஞ்ச காலமாக அரசு வீட்டுக்காக வரும் அத்தியாவசியப் பணியாளர்கள்தான் அதிகம். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிவிட்டது. மனு போடுகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.

எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கணவர் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்குமே சொந்தமாகப் பக்கா வீடு, அதாவது உறுதியாகக் கட்டிய வீடு, இருக்கக்கூடாது. வீடுதான் இல்லையே! ஆனால் இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் மாதம் 25,000ஐத் தாண்டுகிறது. "நான் வேலைய விட்டுட்டா வீடு கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

இன்னொருவருக்குச் சென்னையின் தெற்கு ஓரத்தில், பெரும்பாக்கத்தில் வாரியம் கொடுத்த வீடு இருக்கிறது. ஆற்றங்கரையில் குடியிருந்தவர், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே அனுப்பப்பட்டார். குடிசை எங்கே இருந்தது என்று கேட்டார்களாம், வேலை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காலை 6 மணிக்கு மயிலாப்பூரில் கையெழுத்து போட வேண்டும், அதற்கு இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். கடைசியில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிட்டார். இப்படிப்பட்டவர்களைத்தான் 'அரசு கொடுத்த வீட்டில் இருக்கமாட்டார்கள்' என்று நம் ஆட்கள் பேசுகிறார்கள்.

என்னைக் கேட்டால், வருமானத்தோடு வேலை தொடங்கும் நேரத்தையும் வேலை இடத்தையும் பார்க்க வேண்டும். சொந்த வீடாகக்கூட வேண்டாம், போலீஸ் குடியிருப்பு மாதிரி வேலை இடத்துக்குப் பக்கத்தில் குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலே போதும். ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொன்னால் எங்கே போவார்கள் என்று அந்த அக்காவே மடக்கினார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அத்தியாவசியப் பணியாளர் யார் என்பதில் 2020 ஊரடங்கின்போது நமக்குக் குழப்பமே இருக்கவில்லை. இப்போது அதைத் தாளில் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒப்பந்தக்காரர் மாறினால் பழையவர் கடிதம் தரமாட்டார், புதியவரோ "நேத்துதானே சேர்ந்த" என்பார். அதனால் வருகிறவர்களிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு, சம்பளம் ஏறும் வங்கிப் புத்தகம் மூன்றையும் நகலெடுத்து வைக்கச் சொல்கிறேன். உங்கள் ஊரில் வேறு எதையாவது சான்றாக ஏற்றுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள், அக்காவின் மனுவில் சேர்த்துவிடலாம்.