பழுது பார்க்கவும் மேம்படுத்தவும் எளிதான ரெடிமேட் டெஸ்க்டாப் எது?

செம்பூர்க்காரன்:
வீட்டிலிருந்த பிராண்டட் டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது. மும்பை லாமிங்டன் ரோட்டில் கடை கடையாகக் கேட்டுவிட்டேன். வெளியே கிடைப்பதில் 24 பின் கனெக்டர். என் மதர்போர்டில் இருப்பதோ சின்ன சாக்கெட். கேபினட்டிலும் அது உட்காராது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்போது மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார்கள், மனசு ஒப்பவில்லை. டாலியில் கணக்கு, மகளின் படிப்பு, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், இதுதான் வேலை. நானே திறந்து மாற்றுகிற மாதிரி ரெடியாக எது கிடைக்கும்?

அந்தேரி சர்வீஸ்:
சார், பழசை உடனே கழித்துவிடாதீர்கள். 24 பின்னை 6, 8, 10 பின்னாக மாற்றும் அடாப்டர் கேபிள்கள் உண்டு. ஆனால் பின் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் வயரிங் வேறாக இருக்கலாம்; அப்படி மாட்டினால் போர்டே போய்விடும். மாடல் எண்ணையும் எஸ்எம்பிஎஸ் லேபிளின் படத்தையும் இங்கே போடுங்கள்.

புதிதாக என்றால் ஆபீஸ் மாடல்களைப் பாருங்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் (2025 முதல் புதியவை டெல் புரோ என்ற பெயரில் வருகின்றன), ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். மூடியைத் திறக்கப் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரே தேவைப்படாது. ஆப்டிபிளெக்ஸைத் திறந்தால் விரலால் அழுத்த வேண்டிய பிடிகள் நீல நிறத்தில் இருக்கும். ஹார்டு டிஸ்க் தட்டோடு கையில் வந்துவிடும். எதை எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு சர்வீஸ் மேனுவலை மூன்று கம்பெனிகளுமே தங்கள் தளத்தில் இலவசமாகத் தருகின்றன.

ஆனால் ஒன்று: இவற்றிலும் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் பெரும்பாலும் அவரவர் சொந்த அளவுதான். ஆபீஸ்களுக்கு மொத்தமாகப் போகிற மாடல்கள் என்பதால் பழைய பார்ட்ஸ் கிடைத்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே மாடல் பெயரில் டவர், எஸ்எஃப்எஃப் (சிறிய பெட்டி), மைக்ரோ (மிகச் சிறியது) என்று வரும். நீங்கள் டவரே வாங்குங்கள். எஸ்எஃப்எஃப்பில் குட்டையான கிராபிக்ஸ் கார்டுதான் போகும். மைக்ரோவில் லேப்டாப் ரேம், லேப்டாப் மாதிரி வெளி அடாப்டர். ரீஃபர்பிஷ்டு (சரிசெய்து விற்கும் பழையது) என்றால் இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசருக்குக் கீழே வேண்டாம், அதைவிடப் பழையவற்றுக்கு விண்டோஸ் 11 பெரும்பாலும் அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது.

மாட்டுங்கா:
எஸ்எம்பிஎஸ்ஸால் அடிபட்டவருக்கு மறுபடியும் பிராண்டட் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையில் தயாராக அசெம்பிள் செய்து வைத்திருப்பதைக் கேளுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு போர்டு, 24 பின் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், காலியாக ஒரு ரேம் ஸ்லாட், ஒரு எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்), இவை இருக்கிறதா பாருங்கள். அப்புறம் எது போனாலும் எந்தக் கடையிலும் வாங்கி மாட்டலாம். ஒவ்வொரு பார்ட்டுக்கும் வாரண்டி தனித்தனி, ஆகவே பில்லில் சீரியல் நம்பரோடு பிரித்து எழுதி வாங்குங்கள்.

செம்பூர்க்காரன்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடாதா?

அந்தேரி சர்வீஸ்:
நான் சொன்ன ஆபீஸ் மாடல்களில் ரேம், டிஸ்க் மாற்றுவதால் மட்டும் போகாது. நம் கையால் ஏதாவது உடைந்தால் அதற்குக் கிடையாது. கடை அசெம்பிளில் மூடிமேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்; பணம் கொடுக்கும் முன்பே, திறக்கலாம் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.