வைக்கோல் அல்ல, உலர்புல்லும் போதாது

> ஆடு வளர்ப்புக் கையேட்டில் ‘ஹே’ (hay) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வைக்கோல்’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல், ஐயா. வைக்கோல் என்பது கதிரடித்த பின் மிஞ்சும் தாள். சத்தெல்லாம் மணிக்குப் போய்விட்டது. நாம் பேசுவதோ விதை முற்றுமுன் தீவனத்துக்கென்றே அறுத்துக் காயவைக்கும் புல். ‘சினையாட்டுக்கு வைக்கோல் கொடுக்கவும்’ என்று கையேட்டில் அச்சானால் ஆடு மெலியும், பழி நமக்கு.

> சரி, ‘உலர்புல்’?

நானும் முதலில் இதற்கே கை தூக்கினேன். ஆனால் இது வினைத்தொகை. உலர்ந்த புல், உலர்கின்ற புல், உலரப்போகும் புல் மூன்றும் இதற்குள் அடங்கும். செய்யுளில் அழகு, வானம் இருட்டிவரும்போது குழப்பம்.

அறுத்த புல்லில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். அப்போதே ஒரு மழை பெய்தால் பெரிய நட்டமில்லை, மேலே பட்டது வடிந்துவிடும். முக்கால்வாசி காய்ந்தபின் பெய்வதுதான் கேடு. சர்க்கரைச் சத்து கரைந்து மண்ணுக்குப் போகும். மறுபடி புரட்டிக் காயவைக்கையில் இலை நொறுங்கி உதிரும். ஆடோ இலையைப் பொறுக்கித் தின்று தண்டை ஒதுக்கும் பிராணி. மழைக்குப் பயந்து, நீர் 20 பங்குக்குக் கீழே இறங்குமுன் கட்டிவிட்டால் கட்டின் உட்புறம் சூடேறிப் பூசணம் பிடிக்கும். தானாகவே தீப்பற்றுவதும் உண்டு.

ஆகவே இரண்டு நிலை, இரண்டு சொல். அறுத்துப் போட்டுக் கிடப்பதற்கு ‘கிடைப்புல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆடு வளர்ப்பவர் காதில் ‘கிடை’ என்றால் மந்தை தங்கும் இடம், வேண்டாம். ‘வாடுபுல்’ என்கிறேன். இதுவும் வினைத்தொகைதான், ஆனால் இங்கே முடியாத நிலையைத்தானே சொல்ல வேண்டும்! காய்ந்து, கட்டத் தகுந்ததற்கு ‘புல்வற்றல்’. ஈரம் போய் எடுத்துவைக்கத் தக்கது என்பதை ‘வற்றல்’ தானே சொல்லிவிடுகிறது.

> சமையலறை வாடை அடிக்கிறதே?

அடிக்கட்டும். சைலேஜை, அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பசுந்தீவனத்தை, ‘ஊறுகாய்ப்புல்’ என்று எழுதியவர்கள்தானே நாம்? வற்றலுக்கு மட்டும் என்ன கூச்சம்?

எனக்கு இன்னும் பிடிபடாதது, வாடுபுல்லைக் கிளறிப் பரப்பும் வேலைக்கான சொல். ‘புரட்டல்’ என்றால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது, ‘உதறல்’ என்றால் நடுக்கம். கருவிக்கு ‘புல்லுதறி’ என்று வைத்து, அங்கிருந்து வினைக்கு வரலாமா?