புதுப்பிப்பு: டெபியன் 12 நெட்இன்ஸ்ட், வைஃபை சிப் தெரியவில்லை – தீர்ந்தது

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பழைய மடிக்கணினி, பிராட்காம் 4311 வைஃபை சிப், லேன் போர்ட் உடைந்தது. அதில் டெபியன் 12 லினக்ஸை நெட்இன்ஸ்ட் (மற்ற பொதிகளை இணையத்திலிருந்து இறக்கும் சிறிய நிறுவி) மூலம் போட முயன்றேன். நிறுவியில் வைஃபை வரவேயில்லை என்பதுதான் கேள்வி.

கைகொடுத்தது யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினியுடன் பகிர்வது) யோசனை. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, கேபிளில் மாட்டி டெதரிங்கை இயக்கினால் நிறுவிக்கு அது சாதாரண கம்பி இணைப்பாகவே தெரிகிறது. பாஸ்வேர்டு கேட்பதில்லை, இணைப்புக்கான ஐபி முகவரி டிஎச்சிபி வழியே தானாக வருகிறது. ஆனால் நெட்வொர்க் வன்பொருளைத் தேடும் படிக்கு முன்பே டெதரிங் ஓட வேண்டும். தாமதமானால் மெனுவுக்குத் திரும்பி அந்தப் படியை மறுபடி ஓட்டலாம்.

டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்கள் (சிப்கள் இயங்கத் தேவையான மென்பொருள்) நிறுவி இமேஜிலேயே வருகின்றனவே, பிறகேன் என் சிப்புக்கானது மட்டும் இல்லை? இந்தச் சிப்புக்கான பி43 ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் இல்லை. 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' பொதி அதை இணையத்திலிருந்து இறக்கிப் பிரித்தெடுக்கிறது. அதாவது வைஃபை வர முதலில் இணையம் வேண்டும்! நிறுவல் முடிந்ததும் சோர்ஸஸ் லிஸ்ட்டில் (பொதிகள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் கோப்பு) 'கான்ட்ரிப்' பிரிவைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்து, இந்தப் பொதியைப் போட்டு ரீபூட் செய்தால் போதும்.

எதிர்பாராதது ஒன்று. டெஸ்க்டாப் இல்லாத நிறுவல் என்பதால், நெட்வொர்க் அமைப்புகள் உள்ள இன்டர்ஃபேஸஸ் கோப்பில் போன் இணைப்புக்கு லினக்ஸ் வைத்த பெயர் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயர் மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) உருவாவது. சில போன்கள் ஒவ்வொரு முறையும் மேக்கை மாற்றுவதால் ரீபூட்டுக்குப் பின் இணைப்பு எழவில்லை. 'ஐபி லிங்க்' கட்டளையில் புதுப் பெயரைப் பார்த்து, கோப்பில் மாற்றி, இணைப்பை எழுப்பும் 'இஃப்அப்' கட்டளையைக் கொடுத்ததும் வந்துவிட்டது.