தார் ஜீப்புக்கு எவ்வளவு காற்று வைப்பது? டயரில் 80, பெட்ரோல் பங்கில் 35, நண்பர் சொல்வது 18

கே.ஆர்.புரம் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் பழைய மஹிந்திரா தார் ஜீப் ஒன்று வாங்கினேன், டீசல், ஃபோர் வீல் டிரைவ், 16 இன்ச் சக்கரம். முதல் ஓனர் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 245/75 ஆர் 16 ஆல் டெர்ரெயின் டயர் போட்டிருக்கிறார், அளவுக்கு முன்னால் எல்.டி. (லைட் டிரக்) என்று அச்சாகி இருக்கிறது. டிரைவர் கதவுத் தூணில் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும் அல்லவா, அது பாதி கிழிந்துபோய் எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் காணோம். டயரின் பக்கவாட்டில் பார்த்தால் 80 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) என்று போட்டிருக்கிறது. பங்கில் எந்த வண்டி வந்தாலும் 35 வைத்துவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் சேற்றில் போனால் 18க்கு இறக்கு என்கிறார்.

வாரநாளில் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்கு நான் மட்டும். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சேலம், திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய் என்று பின்னால் நிறைந்துவிடும். அடுத்த மாதம் சக்லேஷ்பூர் பக்கம் நண்பரின் காப்பித் தோட்டத்துக்குப் போகிறோம், கடைசிச் சில கிலோமீட்டர் செம்மண் பாதை, மழை பெய்தால் முழுச் சேறு.

இன்னொரு சந்தேகம். வால்வில் மாட்டும் காற்றழுத்த சென்சார் போட்டிருக்கிறேன். காலையில் வீட்டில் 35 காட்டியது, கிருஷ்ணகிரி டோல் பக்கம் 39 ஆகிவிட்டது. மாமனார் வெடித்துவிடும், கொஞ்சம் காற்றை இறக்கு என்றார். இறக்கலாமா?

அல்சூர்க்காரன்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: இறக்காதே, எந்தக் காரணத்துக்கும் சூட்டில் காற்றை இறக்காதே. கம்பெனி சொல்லும் எண் எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டியது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். ஓடும்போது டயர் மடிந்து மடிந்து சூடாகும், உள்ளே இருக்கும் காற்றும் சூடாகும், ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ ஏறும். கிருஷ்ணகிரியில் 4 இறக்கிவிட்டால் மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 31தான் இருக்கும், அதோடு அரிசி மூட்டையையும் ஏற்றி வெயிலில் நூறில் ஓட்டினால் டயர் இன்னும் அதிகமாக மடியும், இன்னும் சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணமே காற்று குறைவாக இருந்து சூடேறுவதுதான். மாமனாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல், நிறையப் பேர் இதைத் தலைகீழாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த 80 உனக்குத் தேவையான எண் இல்லை. அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்க எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கான உச்சவரம்பு அது. அதே இடத்தில் 120/116 என்று இருக்கிறதா பார், 120 என்பது சுமைக் குறியீடு, அப்படியென்றால் ஒரு டயர் 1,400 கிலோ தாங்கும். உன் வண்டி ஆளும் சாமானும் சேர்ந்து இரண்டேகால் டன் என்று வைத்தாலும் பின் சக்கரம் ஒன்றின் மேல் 650 கிலோவுக்கு மேல் வராது. இந்த அளவு எல்.டி. டயர் 35இலேயே 700 கிலோவுக்கு மேல் தாங்கும்.

ஸ்டிக்கர் போனால் போகட்டும், ஓனர் மேனுவலில் இருக்கும், ஆளுக்கும் சுமைக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். முதல் ஓனரிடம் மேனுவலையும் கேட்டு வாங்கு. ஆனால் கம்பெனியில் வந்த டயர் எல்.டி. இல்லையென்றால் அந்த எண்ணை அப்படியே வைக்காதே. எல்.டி. டயரின் சுவர் தடிமன், அதே சுமையைத் தாங்க அதற்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். 3 முதல் 5 வரை கூட்டித் தொடங்கு, பிறகு சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்.

சோதிக்க ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுபவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது நன்றாக ஒத்துவருகிறது. காலையில் குளிர்ந்த டயரில் அள, ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தி மறுபடி அள. சாதாரண டயரில் 4 ஏறியிருந்தால் சரி, எல்.டி. டயரில் 6. அதற்கு மேல் ஏறினால் ஆரம்பத்தில் காற்று போதவில்லை, குறைவாக ஏறினால் கொஞ்சம் அதிகமாக வைத்திருக்கிறாய். உனக்கு 4தான் ஏறியிருக்கிறது, அதனால் 35 குறைவு இல்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது பின்னால் மட்டும் 2, 3 கூட்டிக்கொள், வீடு வந்ததும் பழையபடி வை.

ஓசூர் டு சென்னை:

நான் எப்போதும் 40 வைத்துவிடுவேன். மைலேஜ் கூடும், ஸ்டீயரிங் லேசாக இருக்கும், தினமும் அளக்கும் வேலையும் இல்லை. நைட்ரஜன் போட்டால் மாதக்கணக்கில் தொடவே வேண்டாம்.

அல்சூர்க்காரன்:

நண்பரே, 40இல் மைலேஜ் கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் டயர் பட்டையின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், நடுப் பட்டைதான் முதலில் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் வித்தியாசம் தெரியும். சில்க் போர்டு பக்கம் மழைக்காலத்தில் இருக்கும் குழிகளில் 40 வைத்த எல்.டி. டயரோடு போனால் இடுப்புக்குத்தான் தண்டனை. உங்கள் டயரிலேயே பார்க்கலாம்: பட்டையின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சாக்பீஸால் ஒரு தடித்த கோடு போடுங்கள், சமதளத்தில் நேராக நூறு மீட்டர் ஓட்டி இறங்கிப் பாருங்கள். கோடு முழுவதும் சீராக அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாக நின்றால் காற்று அதிகம், ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு.

நைட்ரஜன் பற்றி: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். போட்டால் தப்பில்லை, ஆனால் மாதம் ஒருமுறையாவது அளக்கத்தான் வேண்டும்.

சேற்றுப்பாதை:

வாசி சார், தோட்டத்துப் பாதை பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காற்றை இறக்கினால் டயர் அகலமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் தரையைத் தொடும் இடம் நீளவாக்கில்தான் அதிகம் கூடும். எடை பரவும், பிடி கிடைக்கும், கல்லின் மேல் ஏறும்போது டயர் அதைச் சுற்றி மடிந்து பிடித்துக்கொள்ளும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் குலுக்கல் குறையும்.

ஆனால் 18 என்பது உங்கள் பாதைக்கு வேண்டாம். 15 முதல் 18 வரை மணலுக்கு. மண்ணும் சரளையுமாக இருந்தால் 26 போதும், மழை பெய்து செம்மண் பிசுபிசுவென்று ஆகிவிட்டால் 22. சக்லேஷ்பூர் பக்கத்துச் செம்மண் டயர் பள்ளங்களில் போய் அப்பிக்கொண்டால் என்ன ஆல் டெர்ரெயின் போட்டிருந்தாலும் வழுவழு டயர் மாதிரிதான் ஓடும், நிதானமாக, ஒரே சீரான ஆக்சிலரேட்டரில் போவதுதான் அங்கே உதவும். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வெளியே புடைத்து நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள். தோட்ட ஓரத்தில் வெட்டிவிட்ட காப்பிச் செடியின் அடிக்கட்டை சாய்வாகக் கூராக நிற்கும், பட்டையில் குத்தினால் பஞ்சர் ஒட்டலாம், சுவரில் கிழித்தால் டயரே போய்விடும்.

இறக்கிய பிறகு வேகம் ரொம்ப முக்கியம். 22 பி.எஸ்.ஐ-யில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், 18இல் 25 கிலோமீட்டர் போதும். வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலை வந்ததும் முதல் வேலை காற்றடிப்பது, சக்லேஷ்பூர் டவுன் வரை போய்ப் பங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அதனால் சொந்தமாக ஒரு கம்ப்ரசர் இல்லாமல் இறக்கவே இறக்காதீர்கள்.

இன்னொன்று, தாரில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். முன்னால் 22, பின்னால் 30 என்றெல்லாம் வைத்தால் உருளும் சுற்றளவு மாறி கியர்பெட்டிக்குள் இழுபறி ஆகும். பாதையில் நாலுக்கும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், காய்ந்த தார்ச்சாலையில் 2எச் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை). ஸ்டெப்னியையும் பாருங்கள், முதல் ஓனர் நாலு டயர் மட்டும் மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழையபடியே விட்டிருக்கலாம். பின் கதவில் தொங்குவதை யாரும் அளப்பதில்லை, அதில் 38 வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது இறக்குவது சுலபம். தோட்டத்தைத் தாண்டிக் காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விட வேண்டாம்.

கே.ஆர்.புரம் வாசி:

அண்ணே, சேற்றுப்பாதை, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மேனுவல் வாங்கிவிட்டேன், அந்த எண்ணோடு 4 கூட்டி வைத்து ஓட்டிப் பார்த்தேன், சாக்பீஸ் கோடு ஓரம் வரை சீராக அழிந்தது. ஸ்டெப்னி சொன்னபடியே பழைய டயர், உள்ளே 20தான் இருந்தது! ஒரு சின்ன கேள்வி: பெங்களூர் மேட்டில் அடித்த காற்று சேலத்தில் இறங்கினால் மாறுமா? கம்ப்ரசர் எது மாதிரி வாங்குவது?

அல்சூர்க்காரன்:

மாறும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. பெங்களூர் 900 மீட்டர் சொச்சம், சேலம் 300க்கும் கீழே. வெளிக்காற்றின் அழுத்தம் கீழே கூடுவதால் மீட்டரில் ஒரு பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைந்து தெரியும், சேலத்து வெயில் அதைவிட அதிகமாக ஏற்றிவிடும். சேலத்தில் இரவு தங்கினால் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை அள, போதும்.

கம்ப்ரசரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னது வேண்டாம், உன் அளவு டயரை 22லிருந்து ஏற்றுவதற்குள் சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவதை வாங்கு, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அடி, ரெண்டு டயர் ஆனதும் கொஞ்சம் ஆறவிடு. கடையிலேயே காற்றுக் குழாயை விரித்துப் பார், பேட்டரி முன்னால் இருக்கிறது, பின் சக்கரத்தின் வால்வு வரை எட்ட வேண்டும். அதில் இருக்கும் மீட்டரை நம்பாதே, தனியாக நல்ல டயல் கேஜ் ஒன்று வாங்கி எப்போதும் அதிலேயே அள. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ரெண்டும் கிடைக்கும்.