அடிபட்டவர் "வலிக்கவில்லை" என்றால் நம்பி அனுப்பிவிடாதீர்கள்

விபத்துப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அடிபட்ட நேரத்தில் வலியே தெரியவில்லை என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள், அது நிஜம்தான், நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஒரு ராத்திரி பைக்கிலிருந்து விழுந்த அண்ணன் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முன்கை எலும்பு முறிந்து கை வளைந்தே இருக்கிறது, அவரோ பின்னால் உட்கார்ந்து வந்த மனைவியை முதலில் பார்க்கச் சொல்லி எங்களோடு மல்லுக்கட்டுகிறார். "எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர், அவளைப் பாருங்கள்." அந்த அக்காவுக்கு வெறும் சிராய்ப்புதான் என்று டாக்டர் சொன்ன கொஞ்ச நேரத்தில் இவர் துடிக்க ஆரம்பித்துவிட்டார், ஊசி போட்ட பிறகுதான் அடங்கினார்.

இதற்கு ஒரு காரணம், நம் மூளையும் தண்டுவடமும் மார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணியைப் போன்ற பொருட்களைத் தாங்களே சுரக்கின்றன. என்கெஃபலின், எண்டார்ஃபின் எல்லாம் அந்த வகை, மார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில்தான், அதாவது நரம்பு செல்களில் அதற்கென்று உள்ள இடங்களில்தான், இவையும் போய் ஒட்டுகின்றன. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு இன்னும் வியப்பாக இருப்பது வேறொன்று. பதற்றத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைக் கிளப்பிவிடும் ஏசிடிஎச் ஹார்மோனும், வலியைத் தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஒரே பெரிய புரதத்தை வெட்டித்தான் உருவாகின்றன.

அதனால் தயவுசெய்து, விழுந்தவர் எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தலையிலோ வயிற்றிலோ அடி என்றால் கட்டாயம் மருத்துவமனைக்குக் கூட்டிவாருங்கள்.

---

அக்கா, இதைப் படித்ததும் எங்கள் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. ராணுவத்தில் இருந்தவர், காலில் குண்டுச் சிதறல் பாய்ந்தது ஷூவுக்குள் ஈரமாக இருந்தபோதுதான் தெரியும் என்பார். இரண்டாம் உலகப் போரில், 1944இல், இத்தாலியின் அன்சியோவில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் பலத்த காயம்பட்ட வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் வேண்டும் என்றாராம். ஆனால் அதே ஆட்களுக்கு ரத்தக்குழாயில் ஊசியைச் சரியாகக் குத்தாவிட்டால் எல்லாரையும் போலச் சத்தம் போட்டார்களாம்! அப்படியென்றால் உடம்பு முழுக்க மரத்துப்போகவில்லை. போர்முனையிலிருந்து உயிரோடு தப்பிவிட்டோம் என்ற நிம்மதிக்கும் அதில் பங்கு உண்டு என்று பீச்சர் நினைத்தார். எனக்கும் அது சரியாகவே படுகிறது, உங்கள் பைக் அண்ணனுக்கும் மனைவி மேல் இருந்த கவலைதான் வலியை மறைத்திருக்கும்.

---

நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். பல வருடமாக எனக்கு இடுப்புவலி. "நன்றாக நட, சிரி, எண்டார்ஃபின் சுரக்கும், மாத்திரை எதற்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அழுகை வரும். நடந்தால் கொஞ்சம் லேசாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திடீர் விபத்தில் வருகிற அந்த மரப்பு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. சிஸ்டர், உடம்பே மருந்து சுரக்கிறது என்றால் எங்களை மாதிரி ஆட்களுக்கு ஏன் அது போதவில்லை?

---

தங்கச்சி, உங்கள் கேள்வி ரொம்ப நியாயமானது. ஓடித் தப்பிக்கவோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவோ கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடுதான் விபத்தில் வரும் அந்த மரப்பு, வருடக்கணக்கில் தாங்குவதற்கு இல்லை. தவிர, உடம்பு சுரக்கும் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகைப் பொருள், எல்லாமே சுகம் தருவதில்லை. டைனார்ஃபின் என்று ஒன்று இருக்கிறது, அது கப்பா என்ற வேறு ஏற்பியில் வேலை செய்யும், மன அழுத்தத்தின்போது வரும் சோர்வுக்கும் வெறுப்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. உங்களுக்கு வலிப்பது தைரியம் இல்லாததால் அல்ல. வலி மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது, மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அங்கே ஒரு தடவை காட்டுங்கள். நடையையும் விடாதீர்கள்.